வழிக்கு ஒரு கணினி, மேசைக்கு ஒரு கணினி

பயணத்துக்கு எந்த லேப்டாப் வாங்கலாம் என்று கேட்கிற நண்பர்களிடம் நான் எடுத்த எடுப்பில் மாடல் பெயர் சொல்வதில்லை. "போற இடத்துல உட்கார்ந்து என்ன வேலை பார்ப்பீங்க?" என்றுதான் கேட்பேன். பெரும்பாலும் "எல்லா வேலையும்தான்" என்று பதில் வரும். தோளை அழுத்துகிற பாரம் முழுக்க அந்த 'எல்லா'வுக்குள் இருக்கிறது. அதைப் பிரித்துப் பார்க்காமல் எந்தக் கடைக்குப் போனாலும் பெரிய பெட்டியோடுதான் திரும்பி வருவோம்.

என் தொழிலைச் சொன்னால்தான் மேற்கொண்டு பேச வசதிப்படும். மொழிபெயர்க்கிறேன், பதிப்பகங்களுக்குப் பிரதி திருத்தித் தருகிறேன், சில சின்னப் பதிப்பகங்களுக்குப் பக்க வடிவமைப்பும் செய்கிறேன். குடியிருப்பது சென்னையில், அப்பா அம்மா இருப்பது மதுரைப் பக்கம். அவர்கள் வயதுக்கு நான் அடிக்கடி போய் வரவேண்டியிருக்கிறது. அதுபோக புத்தகக் கண்காட்சி என்று ஈரோடு, மதுரை என ஊர் ஊராக அலைச்சல். வேலையை நிறுத்திவிட்டுப் பயணம் போகிற வாய்ப்பு கிடையாது. வேலையும் கூடவே வரும்.

வடிவமைப்புக்காக வாங்கிய 15.6 அங்குல லேப்டாப்பைத்தான் பல வருடம் சுமந்தேன். தனி கிராஃபிக்ஸ் கார்டு வைத்த ரகம். ஒரு நாள் பைக்குள் இருந்த எல்லாவற்றையும் எடுத்துச் சமையலறைத் தராசில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். லேப்டாப் இரண்டேகால் கிலோ என்பது தெரிந்ததுதான். அதன் அடாப்டர் தனியாக அரைக் கிலோவைத் தாண்டியது. தடித்த வயரும் நடுவில் செங்கல் கட்டியுமாக இருக்குமே, அதுதான். அப்புறம் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க், அதற்கென்று ஒரு கேபிள், மவுஸ், போன் சார்ஜர், பவர் பேங்க், லாட்ஜில் பிளக் எட்டாது என்று எடுத்துப்போகிற எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். பை காலியாக இருந்தபோதே ஒரு கிலோவுக்கு மேல். உள்நாட்டு விமானத்தில் கைப்பைக்குப் பொதுவாக 7 கிலோ அனுமதி. மாற்றுத் துணி வைப்பதற்கு முன்பே அதில் பாதிக்கு மேல் போய்விட்டது.

இத்தனையையும் தூக்கிக்கொண்டு போய் வழியில் நான் செய்வது என்ன என்று கொஞ்ச காலம் ஒரு நோட்டில் எழுதி வந்தேன். வாசிப்பது, திருத்துவது, மொழிபெயர்ப்பது, மெயிலுக்குப் பதில் எழுதுவது. பட்டியல் ஏறக்குறைய அவ்வளவுதான். பக்க வடிவமைப்பு மென்பொருளைத் திறந்த நேரங்கள் அபூர்வம். திறந்தாலும் ஒரு தலைப்பு மாற்ற, ஒரு பக்க எண் சரிசெய்ய. கிராஃபிக்ஸ் கார்டு வெறுமனே என்னோடு ஊர் சுற்றிக்கொண்டிருந்தது.

எழுத்து எவ்வளவு லேசான சரக்கு என்பதை நாம் யோசிப்பதே இல்லை. எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடில், வழக்கமான யூ.டி.எஃப்.-8 வடிவில் சேமிக்கும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட் ஆகும். ஆங்கிலத்துக்கு ஆவதைப்போல மூன்று மடங்கு. அப்படியிருந்தும் ஒரு லட்சம் சொல் கொண்ட ஒரு நாவலின் வெறும் எழுத்து மட்டும் 3 எம்.பி. சுற்றித்தான் வரும். போனில் எடுக்கிற ஒரு போட்டோ பல சமயம் அதைவிடப் பெரிது. இதைக் கையாள ஒரு சூப்பர் கணினி எதற்கு?

1983-இல் அமெரிக்காவில் டி.ஆர்.எஸ்.-80 மாடல் 100 என்று ஒரு சின்னக் கணினி வந்தது. ஜப்பானின் கியோசெரா செய்து, ரேடியோ ஷாக் கடைகள் விற்றன. எடை சுமார் 1.4 கிலோ. திரையில் எட்டே வரி, வரிக்கு 40 எழுத்து. ஆனால் விசைப்பலகை முழு அளவு. சாதாரண பென்டார்ச் பாட்டரி நான்கு போட்டால் 20 மணி நேரம் வரை ஓடும். உள்ளேயே மோடம் இருந்ததால் பத்திரிகை நிருபர்கள் செய்தியை அதில் அடித்து, தொலைபேசி வழியாக அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். வருடக்கணக்கில் அதை விடாமல் வைத்திருந்த நிருபர்கள் பலர். படம் இல்லை, வண்ணம் இல்லை. எழுதவும் அனுப்பவும் வேண்டியதெல்லாம் இருந்தது. அந்தக் கணினியை வடிவமைத்தவர்கள் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. நிருபரின் வேலை எது, எது இல்லை என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அப்படியானால் டேப்லெட்டும் ஒரு கீபோர்டும் போதுமே என்று தோன்றும். ஆங்கிலத்தில் எழுதுகிற நண்பர்கள் சிலர் அப்படித்தான் வேலை பார்க்கிறார்கள், நிம்மதியாகவே இருக்கிறார்கள். சித்தப்பா மகனிடம் கடன் வாங்கி நானும் சில வாரம் வைத்திருந்து பார்த்தேன். முதலில் எடை விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். டேப்லெட் மட்டும் லேசு. நல்ல கீபோர்டு சேர்ந்ததும் கணக்கு மாறிவிடும். 12.9 அங்குல ஐபேட் ப்ரோவோடு அதன் மேஜிக் கீபோர்டைச் சேர்த்தால் 1.29 கிலோ உள்ள ஆப்பிளின் எம்1 மேக்புக் ஏர் லேப்டாப்பைவிட அதிகம் வரும்.

எடையைவிடப் பெரிய சிக்கல் தமிழ்ப் பிரதி. தட்டச்சைச் சொல்லவில்லை; ஐபேடில் தமிழ்99, அஞ்சல் என்ற இரண்டு தட்டச்சு முறைகளுமே உள்ளேயே இருக்கின்றன, அது சுகமாகத்தான் இருந்தது. பதிப்பகத்திலிருந்து வருகிற கோப்பைத் திறக்கும்போதுதான் வம்பு. இன்றைக்கும் பாமினியில் அடித்த பிரதி வருகிறது, வானவில்லில் அடித்தது வருகிறது. இந்த எழுத்துருக்களில் தமிழ் எழுத்து தமிழ் எழுத்தாகச் சேமிக்கப்படுவதில்லை. ரோமன் எழுத்துகளுக்கான இடத்தில் தமிழ் வடிவம் உட்கார்ந்திருக்கும். அந்த எழுத்துரு கணினியில் இல்லையென்றால் திரை முழுக்கப் பொருளில்லாத ரோமன் எழுத்தாகத் தெரியும். லேப்டாப்பில் எழுத்துருவை நிறுவி, மாற்றியில் போட்டு யூனிகோடு ஆக்கி, மூலத்தோடு ஒப்பிட்டு வேலையைத் தொடங்கிவிடலாம். டேப்லெட்டில் இந்த ஒவ்வொரு படியும் தனிப் போராட்டம்.

யூனிகோடில் வந்த பிரதியும் சுத்தமாக வரும் என்று சொல்ல முடியாது. 'கௌரவம்' என்பதன் முதல் எழுத்து சிலர் பிரதியில் ஒற்றைக் கொம்பு, க, பிறகு தனி 'ள' என்று இருக்கும்: 'கெளரவம்'. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, தேடினால் கிடைக்காது, வரி உடையும்போது அந்த ள மட்டும் அடுத்த வரிக்கு ஓடினாலும் ஓடும். முந்நூறு பக்கத்தில் இதையெல்லாம் கண்ணால் பிடிக்க முடியாது. இந்த எழுத்துச் சேர்க்கை எங்கே வந்தாலும் பிடி என்று வடிவ விதி எழுதித் தேடி மாற்றுகிற வசதி வேண்டும். மேசைக்கணினிக்கான லிப்ரே ஆஃபீஸிலும் வேர்டிலும் அது இருக்கிறது. டேப்லெட் செயலிகளில் நான் பார்த்த வரை அந்த ஆழம் இல்லை.

திரை அளவையும் தமிழே தீர்மானிக்கிறது. நம் சொற்கள் நீளம். கொம்பும் காலும் வைத்துப் பரந்து நிற்கிற எழுத்துகள். ஆங்கிலத்துக்குப் போதுமான அளவில் வைத்தால் 'ண'வையும் 'ன'வையும் பிரித்தறியக் கண் வலிக்கும். மொழிபெயர்க்கும்போது இடப்பக்கம் மூலம், வலப்பக்கம் தமிழ் என்று இரண்டு பத்தி திறந்திருக்க வேண்டும். 11 அங்குலத்தில் அப்படி வைத்தால் தமிழ்ப் பத்தியில் வரிக்கு மூன்று நான்கு சொல்தான் நிற்கும். 13, 14 அங்குலத்துக்குக் கீழே தமிழ்த் திருத்த வேலைக்கு நான் இறங்க மாட்டேன். அதிலும் 16:10 விகிதத் திரை என்றால் உயரத்தில் இன்னும் இரண்டு மூன்று வரி கிடைக்கும். சினிமா பார்க்க 16:9 நன்றாயிருக்கலாம். பக்கம் பக்கமாகப் படிக்கிறவர்களுக்கு உயரம்தான் வேண்டும்.

ஆகவே சின்ன லேப்டாப். ஒன்றேகால் கிலோவுக்குள் இருக்கும் ஒரு 14 அங்குல அலுவலக ரகத்தைப் பழையதாக வாங்கினேன். தனி கிராஃபிக்ஸ் கிடையாது. இன்டெல் ப்ராசஸர் பெயரின் கடைசியில் 'யு' என்று இருந்தால் பொதுவாக 15 வாட் வகை, 'ஹெச்' என்றால் 45 வாட் வகை. நான் தேடியது மின்சாரம் குறைவாக இழுக்கும் முதல் வகையை. பாட்டரி எத்தனை மணி நேரம் நிற்கும் என்பதை விளம்பரத்தில் பார்க்க வேண்டியதில்லை, நாமே கணக்குப் போடலாம். பாட்டரி 50 வாட்-மணி, எழுத்து வேலை செய்யும்போது கணினி சராசரியாக 6 வாட் இழுக்கிறது என்றால் எட்டு மணி நேரம். பிரவுசரில் நாற்பது டேப் திறந்து வெளிச்சத்தை உச்சத்தில் வைத்தால் அதில் பாதிதான் மிஞ்சும்.

எட்டு மணி நேரம் நிற்கிற கணினி கிடைத்ததும் பவர் பேங்க்கைக் கழற்றிவிட்டேன். 20,000 எம்.ஏ.ஹெச். பவர் பேங்க் என்பது 74 வாட்-மணி. மின்னழுத்த மாற்றத்தில் ஆகும் இழப்பு போக, லேப்டாப்பை ஒரு முறை நிரப்பும். அந்த ஒரு முறைக்காகக் கிட்டத்தட்ட அரைக் கிலோ. (விமானத்தில் போகிறவர்களுக்கு: பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் போடக்கூடாது. 100 வாட்-மணி வரை தனி அனுமதி தேவையில்லை.)

எனக்கு உண்மையான விடுதலை கிடைத்தது சார்ஜரில். டைப்-சி வழியாகச் சார்ஜ் ஏறாத லேப்டாப்பைப் பயணத்துக்கு வாங்கவே வேண்டாம் என்பேன், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும். காலியம் நைட்ரைடு பயன்படுத்தும் 65 வாட் சார்ஜர் உள்ளங்கைக்குள் அடங்கும். அந்தப் பொருளில் செய்த ஸ்விட்சுகள் அதிக அதிர்வெண்ணில், குறைந்த வெப்பத்தோடு வேலை செய்வதால் உள்ளே இருக்கும் மின்மாற்றி சிறுத்துவிடுகிறது. ஒரே சார்ஜர், ஒரே கேபிள். லேப்டாப்புக்கும் அதுதான், போனுக்கும் அதுதான். கேபிள் வாங்கும்போது மட்டும் கவனம் தேவை. 65 வாட் என்பது 20 வோல்ட்டில் 3.25 ஆம்பியர். சாதாரண டைப்-சி கேபிள் 3 ஆம்பியரோடு நின்றுவிடும். அதற்கு மேல் போக 5 ஆம்பியர் என்று குறித்த, உள்ளே சில்லு வைத்த கேபிள் வேண்டும். வெளியே பார்க்க இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

ரயிலில் இதன் அருமை இன்னும் புரியும். பிளக் பாயின்ட் பல பெட்டிகளில் தளர்ந்து கிடக்கும். கனமான அடாப்டரைச் செருகினால் தன் பாரத்திலேயே மெல்லச் சாய்ந்து, வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியதும் கழன்று கீழே விழும். ஜன்னல் ஓரத்தில் இருப்பவர் எடுத்துச் செருகிக் கொடுப்பார், அடுத்த கிராஸிங்கில் மறுபடி விழும். நூறு கிராம் சொச்சம் உள்ள சார்ஜர் அதே ஓட்டையில் பிடித்து நிற்கிறது. பழைய பெட்டிகளில் 110 வோல்ட்தான் வரும். சார்ஜரில் 100–240 என்று அச்சிட்டிருந்தால் கவலையில்லை. ராத்திரி வண்டியில் போகிறவர்கள் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். இரவு 11 மணியிலிருந்து காலை 5 மணி வரை சார்ஜிங் பாயின்ட்டுகளுக்கு மின்சாரம் நிறுத்தப்படும் என்று 2021-இல் ரயில்வே சொல்லிவிட்டது. ஏறியவுடன் சார்ஜ் போட்டுவிட வேண்டும்.

சரி, அந்த அபூர்வமான வடிவமைப்பு வேலைக்கு என்ன செய்வது?

பெரிய கணினி வீட்டிலேயே இருக்கிறது. மேசையை விட்டு அது இப்போது நகர்வதில்லை. வெளியிலிருந்து அதன் திரையைச் சின்ன லேப்டாப்பில் வரவழைத்து வேலை செய்கிறேன். இரண்டு கணினிகளையும் டெய்ல்ஸ்கேல் என்ற, நமக்கு மட்டுமான தனி வலையமைப்பை உண்டாக்கும் செயலியால் இணைத்திருக்கிறேன். விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப் அதற்கு மேல் ஓடுகிறது. வீட்டு ரூட்டரில் வாசல் எதையும் வெளியுலகத்துக்குத் திறந்து வைக்கத் தேவையில்லை.

ஜனவரியில் சென்னைப் புத்தகக் கண்காட்சி நெருங்கும்போது அச்சகங்கள் இரவு பகல் பார்க்காது. அப்படி ஒரு சமயம், வைகை எக்ஸ்பிரஸ் திண்டுக்கல்லைத் தாண்டிக்கொண்டிருந்தபோது அச்சகத்திலிருந்து போன்.

"சார், பதினோராவது ஃபாரத்துல ஒரு பக்கம் கடைசி வரி வெட்டுப்படுது. பிளேட் போடப்போறாங்க. சீக்கிரம் பார்த்து விடுங்க சார்."

"அரை மணி நேரம் குடுங்கண்ணே. திருச்சி வர்றதுக்குள்ள அனுப்பிடறேன்."

(ஃபாரம் என்பது ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் பக்கங்களின் தொகுதி; பிளேட் என்பது அதற்கான அச்சுத் தகடு.) உணவுத் தட்டைக் கீழே இறக்கி லேப்டாப்பை வைத்தேன். போனின் ஹாட்ஸ்பாட்டில் வீட்டுக் கணினியைப் பிடித்தேன். திரை துண்டு துண்டாக வந்தது. அய்யலூர் பக்கம் குன்றுகளுக்கு நடுவே சிக்னல் முழுவதும் போய், வையம்பட்டி வந்ததும் திரும்ப வந்தது. தொடர்பு அறுந்தாலும் வீட்டுக் கணினியில் கோப்பு திறந்தபடியே இருந்ததால் விட்ட இடத்திலிருந்து தொடர முடிந்தது. அந்தப் பத்தியில் சொல்லிடை வெளியைக் கொஞ்சம் இறுக்கினேன், வரி உள்ளே ஏறியது. பி.டி.எஃப். எடுத்து அச்சகத்துக்கு ஏற்றிவிட்டேன். அந்த பி.டி.எஃப். படங்களோடு 200 எம்.பி.க்கு மேல். அது என் போன் வழியாக வரவே இல்லை. வீட்டில் உருவாகி, வீட்டு ஃபைபர் இணைப்பிலிருந்தே நேராக அச்சகத்துக்குப் போனது. என் கைக்கு வந்ததெல்லாம் திரையின் படம் மட்டும். பழைய கனமான லேப்டாப் கையில் இருந்திருந்தால் வடிவமைப்பு இன்னும் சுலபமாக முடிந்திருக்கும். ஆனால் அந்தக் கோப்பை ஓடுகிற ரயிலிலிருந்து ஏற்றி முடிக்க விழுப்புரம் ஆகியிருக்கும்.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரே எதிரி வீட்டில் கரன்ட் போவது. அதற்கு இரண்டு காரியம் செய்திருக்கிறேன். ரூட்டரும் கணினியும் யு.பி.எஸ்.ஸில் இருக்கின்றன. கணினியின் பயாஸ் அமைப்புக்குள் (விண்டோஸுக்கு முன்பே ஓடுகிற அடிப்படை அமைப்பு) போய், மின்சாரம் போய் வந்தால் தானாகவே இயங்கத் தொடங்கும்படி மாற்றியிருக்கிறேன். அநேகக் கணினிகளில் இந்த வசதி உண்டு. முன்கூட்டியே 'அணைந்தே இரு' என்று வைத்திருப்பார்கள். இதை மாற்றாமல் கிளம்பினால், யு.பி.எஸ். தீர்கிற அளவுக்குக் கரன்ட் போய் வந்தாலும் யாராவது வீட்டுக்குப் போய் பட்டனை அழுத்தும்வரை அந்தக் கணினி நமக்கு இல்லை.

மற்றபடி, நெட் இல்லாமலே என் அன்றாட வேலை ஓட வேண்டும் என்பதில் உறுதியாக இருக்கிறேன். பிரதிகள் லேப்டாப்பிலேயே இருக்கும். அகராதிகளும் இறக்கியே இருக்கும். சிக்னல் கிடைக்கிற ஊரில் சிங்திங் என்ற செயலி வீட்டுக் கணினியோடு ஒத்திசைத்துக்கொள்ளும். எழுத்துக் கோப்புகள் சின்னவை என்பதால் அதற்கு விநாடிகள் போதும். எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் இப்போது பையில் இல்லை. ரயிலில் பை காணாமல்போனாலும் பதிப்பாளரின் வெளிவராத பிரதி யார் கையிலும் சிக்கக்கூடாது என்பதற்காக டிஸ்க் முழுவதும் குறியாக்கம் செய்து வைத்திருக்கிறேன். அடுத்தவர் எழுத்தை நம்பி வாங்கி வைத்திருக்கிற நமக்கு இது கடமை.

வீடியோ வெட்டுகிறவர்களுக்கும் கல்யாணப் போட்டோ எடுப்பவர்களுக்கும் இந்த வழி சரிவராது. அவர்களுடைய மூலப்பொருளே கனமானது. ஒரு நிகழ்ச்சி முடிந்தால் நூறு இருநூறு ஜி.பி. கையில் நிற்கும், அதை வீட்டுக் கணினிக்கு அனுப்பிவிட்டு வேலை பார்ப்பது நடக்காது. அவர்களுக்குப் பெரிய கணினிதான் வேண்டும். கணக்கு, மென்பொருள், மொழிபெயர்ப்பு, ஆசிரியப் பணி, செய்தி என்று எழுத்தையும் எண்ணையும் வைத்துப் பிழைக்கிற நம்மைப் போன்றவர்கள் பலர் அவர்களுடைய பெட்டியைச் சுமந்துகொண்டு திரிகிறோம் என்பதே என் ஆதங்கம்.

வாங்குவதற்குப் புதுசுதான் என்று இல்லை. பெரிய கம்பெனிகள் மூன்று நான்கு வருடத்தில் கழித்துவிடுகிற அலுவலக லேப்டாப்புகள் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் நிறையக் கிடைக்கின்றன. உறுதியான கட்டமைப்பு, நல்ல விசைப்பலகை, புது விலையில் ஒரு பங்கு. கடையிலேயே நின்று சிலவற்றைச் சோதித்துவிடுங்கள். பயாஸுக்குள் போக முடிகிறதா, பழைய கம்பெனியின் பாஸ்வேர்டு பூட்டு இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். பூட்டு இருந்தால் விலை என்னவானாலும் வேண்டாம். ரேம் பலகையோடு பற்றவைக்கப்பட்டதா, மாற்றக்கூடியதா என்று கேளுங்கள். பற்றவைத்தது என்றால் ஆரம்பத்திலேயே 16 ஜி.பி. உள்ளதாக எடுங்கள். உங்கள் சொந்த டைப்-சி சார்ஜரைக் கொண்டுபோய் எல்லா முனைகளிலும் செருகிப் பாருங்கள். ஒரு பத்தி தமிழில் அடித்துப் பாருங்கள், ஸ்பேஸ் பாரின் இரண்டு ஓரமும் சேர்த்து. கடைசியாக, விண்டோஸிலேயே பேட்டரி ரிப்போர்ட் எடுக்கிற கட்டளை உண்டு. பாட்டரி செய்யப்பட்டபோது இருந்த கொள்ளளவும் இப்போது ஏறுகிற கொள்ளளவும் அதில் அடுத்தடுத்து வரும். 50-க்கு 30 வாட்-மணிதான் ஏறுகிறது என்றால் புது பாட்டரியின் விலையைக் கழித்துக் கேளுங்கள். அங்கே பெரும்பாலும் குறைத்துக் கொடுக்கிறார்கள். பாட்டரி மாற்றுகிற கடையும் அதே தெருவில் இருக்கிறது.